கிட்டார் பெல்ட்டும் அப்பாவின் கிரீஸ் டப்பாவும்

நம் வயதில் கூரியர்காரர் வந்து வாசல் மணியை அடித்தால், முட்டிக்குப் போடும் பட்டையோ சர்க்கரை பார்க்கிற கருவிக்கு வேண்டிய ஊசியோதான் வந்திருக்கும். போன வாரம் எனக்கு வந்தது வேறு சாமான். உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பொட்டலம். பிரித்துச் சாப்பாட்டு மேசையில் கொட்டினேன். வெள்ளி நிறத்தில் இரண்டு குமிழ்கள், அவற்றின் மேல் உட்காரும் இரண்டு பூட்டுகள், திருகாணிகள், வாஷர்கள், நட்டுகள். கிட்டாரைத் தோளில் மாட்டுகிற பெல்ட் கழன்று வந்துவிடாமல் பிடித்து வைப்பதற்கான ஏற்பாடு. இந்த வயதில் உனக்குக் கிட்டார் ஒரு கேடா என்று கேட்கிறவர்கள் என்னோடு கல்லூரியில் படித்தவர்களிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். கேட்டுக்கொள்ளுங்கள். மகள் வாங்கிக் கொடுத்தாள், நான் வாசிக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. கிட்டாரில் இருக்கிற பழைய பட்டனைக் கழற்றிவிட்டு அதே துளையில் புதுக் குமிழைத் திருக வேண்டும். பெல்ட்டின் ஓட்டை வழியாகப் பூட்டை நுழைத்து, மறுபக்கம் வாஷரும் நட்டும் போட்டு முடுக்க வேண்டும். பிறகு பூட்டைக் குமிழின் மேல் வைத்து அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். நடுவில் உள்ள கொண்டையை இழுத்தால்தான் விடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முதல் திருகாணியை விரலில் பிடித்தேன். அப்போது என் இடது கை தன்பாட்டுக்கு மேசையைத் தடவியது. எதைத் தேடுகிறோம் என்று எனக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை. கிரீஸ் டப்பாவைத் தேடியிருக்கிறேன்.

சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. திருகாணியை மேசையில் வைத்துவிட்டு, எட்டாம் வகுப்பு படித்தபோது வந்த அந்த மழைக்காலத்தை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

அப்பா செம்மங்குப்பம் பக்கத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் வீடு முதுநகரில். கடலூர்க் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மழைக்காலத்தில் ஜன்னல் கம்பி சொரசொரத்துப் போகும், பூட்டு சாவியை வாங்காது. தொழிற்சாலைக்குள் கேட்கவே வேண்டாம். உப்புக் காற்றோடு ஆசிட் ஆவியும் சேர்ந்துகொள்ளும். அங்கே ஒரு போல்ட்டை வெறுமனே முடுக்கிவிட்டால் அடுத்த தடவை அதைக் கழற்ற முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் கிரீஸ் தொடாமல் எதையும் முடுக்கக் கூடாது என்பது அப்பாவுக்கு ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். இன்னொரு பழக்கமும் உண்டு. பம்பு, மோட்டார் எல்லாவற்றையும் பழுதாகும் வரை காத்திருக்காமல், வாரத்துக்கொரு நாள் கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்டுவது. ஷிப்டு முடிந்து வந்தாலும் இந்த இரண்டு பழக்கமும் அவரோடு சேர்ந்தே வீட்டுக்கு வரும்.

பழைய பால்பவுடர் டப்பா ஒன்றில் மஞ்சளும் பழுப்புமாக கிரீஸ் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த டப்பாவைத் திறந்தால் வீடு முழுக்க ஒரு வாசனை அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். சைக்கிள், கேட்டுக் கொண்டி, அடிபம்பு, இரும்புப் பெட்டியின் கீல், அம்மாவின் மூக்குக்கண்ணாடித் திருகு வரை ஒன்றும் தப்பாது. ஒரு தடவை தேங்காய்த் துருவியின் திருகுக்கும் வைத்துவிட்டார். அன்றைக்கு அரைத்த சட்னியை யாரும் ஒரு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. அம்மா துருவியை ஒளித்து வைக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஆனால் ஒன்று, எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக் கேட் மட்டும்தான் சத்தம் போடாமல் திறக்கும். அப்பா முடுக்கியது எதுவும் கழன்றதாகச் சரித்திரம் இல்லை. அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

கிட்டார் பள்ளிக்கூடத்தினுடையது. மஞ்சக்குப்பத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியில், பழைய மாணவி ஒருவர் வெளிநாட்டுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. தேன் நிறம், ஒரு கம்பி இல்லாமல் வந்தது. பாட்டு டீச்சருக்குக் கிட்டார் தெரியாது. எனக்கு விரல் நீளம் என்று என் கையில் கொடுத்தார். படம் போட்ட ஒரு சின்னப் புத்தகத்தை ஜன்னலில் சாத்தி வைத்து, டீச்சர் படித்துச் சொல்ல நான் விரலை வைக்க, இரண்டு பேருமாகத் தட்டுத்தடுமாறி ஆறேழு விரல்பிடி, அதாவது கார்டு, கற்றுக்கொண்டோம். அந்தக் கம்பியில் அழுத்தி அழுத்தி என் விரல் நுனி காய்த்துப்போனது. காய்த்த விரலால் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதில் அப்போது எனக்கு அவ்வளவு பெருமை.

மழைக்காலம் முடிவதற்குள் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் குழுப்பாடல் போட்டி. எங்கள் குழுவில் ஆறு பேர். ஆர்மோனியத்தையும் தபேலாவையும் உயரமான ஸ்டூலில் வைத்து, எல்லாரும் நின்றுகொண்டேதான் வாசிக்க வேண்டும் என்று டீச்சர் முடிவு செய்திருந்தார். முந்தின வருஷம் உட்கார்ந்து பாடியதால் நடுவர்கள் கண்ணிலேயே படவில்லையாம். தவிரவும், யூனிஃபார்ம் பாவாடையோடு நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரைத் தொடையில் வைப்பது டீச்சருக்குச் சரிப்படவில்லை. ஆகவே பெல்ட். கிட்டாரின் அடிப்பக்கத்தில் இருக்கும் பட்டனில் பெல்ட்டின் ஒரு முனை. மறுமுனையை மேலே தலைப்பக்கத்தில் ஷூ லேஸால் கட்டிவிடுவோம். வாசிக்கிறவரை கவலை இல்லை. கிட்டார் கைக்குள்தானே இருக்கிறது.

பாட்டு முடிந்ததும்தான் வினை. நம் மேடை வழக்கம் உங்களுக்குத் தெரியும். பாட்டு முடிந்தால் ஆறு பேரும் ஒன்றாகக் கைகூப்பி வணக்கம் சொல்ல வேண்டும். டீச்சர் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணச் சொல்வார். அதுவரை கூப்பிய கையை எடுக்கக் கூடாது. ஒற்றைக் கையால் வணக்கம் வைப்பது மரியாதைக் குறைவு. இரண்டு கையையும் கூப்ப வேண்டுமானால் கிட்டாரை விட்டாக வேண்டும். அந்த மூன்று எண்ணிக்கைக்கு அதன் உயிர் பெல்ட்டில்.

முதல் தடவை விழுந்தது பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில். பெல்ட் பழையது, தோலில் இருந்த ஓட்டை விரிந்துபோயிருந்தது. நான் கையைக் கூப்பிய உடனே பட்டனிலிருந்து நழுவியது. கிட்டார் அடிப்பக்கம் கீழாக வந்து சிமெண்டுத் தரையில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இருந்த ஐந்து கம்பியும் ஒன்றாக அதிர்ந்து, பிறகு மெல்ல அடங்கியது. அடியில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். அத்தனை பெற்றோர் முன்னால் நான் கூப்பிய கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

டீச்சர் கத்தவில்லை. கிட்டாரை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சரிசெய்து கொண்டுவரச் சொன்னார். அம்மா பார்த்துவிட்டு, இவள் கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு பிறந்தவள் என்றாள். வீட்டில் நான் உடைத்த கண்ணாடி டம்ளர்கள் அந்தப் பேச்சுக்குச் சாட்சி. அப்பா பெல்ட்டையும் பட்டனையும் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இதில் பூட்டே இல்லையே என்றார். ஒரு சாமான் தொங்குகிறதென்றால் அதற்கு ஒரு பூட்டு இருக்க வேண்டும் என்பது அவர் நியாயம்.

இப்போது எனக்குக் கூரியரில் வந்ததை அப்பா அன்றைக்கே செய்துவிட்டார். தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்த டர்னர் மாமாவிடம் சொல்லி, லேத்தில் எவர்சில்வர் கம்பித் துண்டைக் கடைந்து ஒரு குமிழ் கொண்டுவந்தார். கழுத்து ஒல்லியாக, தலை பெரிதாக. நடுவில் திருகாணி போகத் துளை. தலையில் குறுக்கே இன்னொரு பொடித் துளை. பெல்ட்டைக் கழுத்தில் மாட்டி, மேலே ஒரு வாஷர் வைத்து, அந்தப் பொடித் துளையில் இரட்டைக் கால் உள்ள பின் ஒன்றைச் செருகி, காலை மடக்கிவிட்டால் பெல்ட் வெளியே வரவே முடியாது. கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. டர்னர் மாமா அதற்கு மெருகு வேறு ஏற்றிக் கொடுத்திருந்தார். அது இப்போது என்னிடம் இல்லை. நான் பள்ளியை விட்டு வந்து பல வருஷம் கழித்து ஒரு புயலில் சாமான் அறையின் கூரை போய், கிட்டாரும் நனைந்து வீணாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். குமிழை யாராவது கழற்றி வைத்திருந்தால் அது இன்னும் பளபளத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டினார். ஜமக்காளத்தை நாலாக மடித்து, கிட்டாரை அதன்மேல் குப்புறப் படுக்க வைத்தார். பிடிப்பதற்கு என்னையும் உட்கார வைத்தார். பழைய பட்டனை எடுத்துவிட்டுக் குமிழை வைத்தார். திருகாணியை கிரீஸ் டப்பாவில் முக்கி எடுத்தார். முடுக்கினார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி உள்ளே போனது. பெல்ட்டைப் பிடித்துத் தூக்கி இரண்டு உதறு உதறினார். நின்றது. “இனிமே வுழாது, போ” என்றார். கிட்டாருக்கும் கேட்டுக்கும் சேர்த்துத்தான் சொன்ன மாதிரி இருந்தது. அன்றைக்கு கேட்டுக்கும் கிரீஸ் வைத்திருந்தார்.

விழவில்லைதான். ஒரு மாதம் விழவில்லை. சனிக்கிழமை பயிற்சிக்காகக் கிட்டாரை வீட்டுக்கு எடுத்துவர டீச்சர் அனுமதித்தார். அப்பாவுக்கு அது வசதியாகப் போயிற்று. ஞாயிறு தவறாமல் குமிழைக் கழற்றினார், துடைத்தார், புதிதாக கிரீஸ் வைத்தார், முடுக்கினார். பம்புக்குச் செய்வதை எல்லாம் கிட்டாருக்கும் செய்தார். இரும்பு மனுஷனுக்கு இவ்வளவு பிரியம் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் துணியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒத்திகையில் விழுந்தது. பாட்டு முடிகிற அதே இடம், அதே வணக்கம். ஆனால் இந்தத் தடவை பெல்ட் கழலவில்லை. பூட்டு அப்படியே பூட்டிக்கொண்டிருந்தது. குமிழ் திருகாணியோடு மரத்தைவிட்டே வெளியே வந்து பெல்ட்டின் முனையில் ஆடிக்கொண்டிருந்தது. விரிசல் இன்னும் இரண்டு விரற்கடை நீண்டுவிட்டது.

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இன்னொரு தடவ வுழுந்துச்சின்னா கிட்டார் பீரோவுக்குள்ள போயிடும். நீ கோரஸ்ல போய் நின்னுக்க. சிதம்பரம் வரைக்கும் ஒரு சான்ஸ் தரேன்.” டீச்சரை நான் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இரண்டு தடவை தரையில் போட்டவளுக்கு மூன்றாவது தடவையும் கொடுத்தாரே, அதற்கு நான் அன்றைக்கே கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். அழுகையை அடக்குவதற்கே நேரம் போதவில்லை.

வீட்டில்தான் தாங்க முடியவில்லை. அப்பா குமிழைப் பார்த்தார். பூட்டு சரியாக இருந்தது. இரட்டைக் கால் பின்னும் சரியாக இருந்தது. அவர் வேலையில் எந்தக் குறையும் இல்லை. அப்புறம் குறை யாரிடம்? “நீ கழட்டிப் பாத்தியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “தானா எப்டி கழலும்? நான் முடுக்குனது கழலாதுடி” என்றார். திரும்பவும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அடிக்கவில்லை, அப்பா யாரையும் அடித்ததில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன். கிட்டாரை வாங்கி, இன்னும் ஜாஸ்தியாக கிரீஸை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கிக் கொடுத்தார். அதோடு போயிருக்கலாம். போகிற இடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். டர்னர் மாமாவிடம், நீ கடைந்து கொடுத்ததை என் பெண் நோண்டி நோண்டிக் கழற்றிவிட்டாள் என்றார். சைக்கிள் கடையில் சொன்னார். எதிர்வீட்டு அத்தையிடம் சொன்னார். தீபாவளிக்கு புவனகிரியிலிருந்து வந்த பெரியப்பாவிடமும் சொன்னார். பெரியப்பா அன்று முழுக்க, இவள் கையில் பட்டாசைக் கொடுக்காதீர்கள், தெருவையே கொளுத்திவிடுவாள் என்று கேலி செய்துகொண்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேர் சொன்னால் உண்மையாகத்தான் இருக்குமோ? தூக்கத்தில் கழற்றியிருப்பேனோ? டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க ஆரம்பித்தேன். நீங்கள் என்னைக் கேலி செய்வீர்களே, செல்போனைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையால் பிடிக்கிறேன் என்று. அது அந்த இரண்டு வாரத்தில் வந்த பழக்கம்.

மிச்ச ஒத்திகைகளில் நான் வணக்கத்தில் வலது கையை மட்டும் நெஞ்சுக்கு நேரே கொண்டுபோனேன். இடது கை கிட்டாரின் கழுத்தை விடவில்லை. டீச்சர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, “சிதம்பரத்துல இப்டி ஒத்தக் கைல நின்னா மார்க் போயிடும்” என்று மட்டும் சொன்னார். விட்டால் கிட்டார் விழும், விடாவிட்டால் ஆறு பேருக்கும் மார்க் போகும். தபேலா வாசிக்கிற என் தோழி, நான் வேண்டுமானால் பின்னால் நின்று பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பாவம், நிஜமாகவே கேட்டாள்.

போட்டி சனிக்கிழமை. என்னை நம்பி அனுப்ப மனமில்லாமல் அப்பா லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். முதுநகரில் பஸ் ஏறும்போது தூறல். செம்மங்குப்பத்தில் தொழிற்சாலை கேட்டைத் தாண்டும்போது எட்டிப் பார்த்துக் கையாட்டினார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் மழைக்குள் வந்து போயின. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் கரை புரண்டு ஓடியது. எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தார்கள். நான் கிட்டாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மண்டபத்தில் எங்கள் முறை வர ஒரு மணி நேரம் இருந்தது. பின்பக்க வராந்தாவில் சமையல் அண்டாக்களுக்குப் பக்கத்தில் நின்று பெல்ட்டை மாட்டினேன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மெல்லக் கையை எடுத்துப் பார்த்தேன். குமிழ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டு, அப்பா என்று கூப்பிட்டேன். நான் தொடவில்லை, நான் தொடவில்லை என்றுதான் முதலில் வாயில் வந்தது.

அப்பா வந்து குனிந்து பார்த்தார். குமிழை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். திருகவில்லை, சும்மா இழுத்தார். திருகாணியோடு வழுக்கிக்கொண்டு அவர் கையில் வந்துவிட்டது. அவர் கண்ணெதிரே, அவர் கையிலேயே. கட்டைவிரலால் திருகாணியைத் துடைத்தார். கருப்பாக ஒட்டியது. சுண்டுவிரல் நுனியைத் துளையில் விட்டு எடுத்து முகர்ந்து பார்த்தார். ஓர் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

குமிழை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். “மரம்மா இது. இரும்பு இல்ல. இரும்புக்குப் பண்றத மரத்துக்குப் பண்ணி வச்சிட்டேன்.”

எனக்கு உடனே புரியவில்லை. அவரே நடந்துகொண்டே சொன்னார், என்னையும் கிட்டாரையும் இழுத்துக்கொண்டு மழையில் தெருவுக்கு வந்தபோது. மரம் திருகாணியைக் கடித்துப் பிடிக்க வேண்டும். கிரீஸ் வைத்தால் கடிக்க முடியாது. வாராவாரம் கழற்றி மாட்டியதில் துளையும் பெருத்துவிட்டது. பூட்டை அவ்வளவு கெட்டியாகச் செய்துவிட்டு அதன் வேரை அவரே ஊறவைத்திருக்கிறார். பேசுகிறபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேல வீதியில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடை திறந்திருந்தது. வாட்ச்காரர்களிடம் சக்கரம் கழுவ வெள்ளைப் பெட்ரோல் இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். கண்ணில் குழாய்க் கண்ணாடி மாட்டியிருந்த அந்த மனிதர், விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் சின்ன மூடியில் ஊற்றிக் கொடுத்தார். அவருடைய மேசையிலேயே இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அப்பா ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, பெட்ரோலில் நனைத்து, துளைக்குள் விட்டுத் துடைத்தார். முதல் பஞ்சு கருப்பாக வந்தது. அடுத்தது பழுப்பு. பத்துப் பன்னிரண்டு பஞ்சுக்குப் பிறகு வெள்ளையாக வந்தது. திருகாணியையும் கழுவிச் சட்டை நுனியில் துடைத்தார். துளையை நிரப்ப மூங்கில் வேண்டும். பக்கத்துப் பூஜைக் கடையில் ஊதுவத்திக் கட்டு ஒன்று வாங்கிவந்து, வாசனைப் பகுதியை உடைத்துவிட்டு, கீழே இருக்கும் வெறும் குச்சிகளைத் துளை கொள்ளுமட்டும் செருகி, மட்டமாக நறுக்கினார். வாட்ச்காரர் எட்டிப் பார்த்து, இன்னும் ரெண்டு வைங்க என்றார். வைத்தார்.

பிறகு திருகாணியை எடுத்தார். இடது கை வேட்டி மடிப்பில் எதையோ தேடிவிட்டு நின்றது. அங்கே டப்பா ஏது? வெறும் திருகாணியை வைத்து முடுக்கினார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒன்றை வெறுமனே முடுக்கியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். மூங்கிலும் மரமும் கிறீச்சிட்டன. அந்தச் சத்தம் அவருக்குக் காதைக் கூச வைத்திருக்கும். கடைசிச் சுற்றுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. வாட்ச்காரர் காசு வாங்கவில்லை. நேரமாகிவிட்டது, ஓடுங்கள் என்றார்.

ஓடினோம். எங்களுக்கு முந்தின பள்ளி மேடையில் இருந்தது. டீச்சரும் மற்ற ஐந்து பேரும் படிக்கட்டில் தயாராக நின்றார்கள். என்னை வரிசையில் நிற்க வைத்துவிட்டு அப்பா போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட டீச்சர் முன்னால் நின்றார்.

“டீச்சர், ரெண்டாவது தடவ கிட்டார் வுழுந்துச்சே, அது எம் பொண்ணு தப்பு இல்ல. ஸ்க்ரூவுக்கு நாந்தான் கிரீஸ் வச்சேன். வாராவாரம் வச்சேன். நம்ம வேலயில கொற இருக்காதுன்னு இவமேல பழிய போட்டுட்டேன். இந்தப் புள்ளைங்களும் கேட்டுக்கட்டும்னுதான் இங்க வச்சி சொல்றேன்.”

தோழி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இப்ப நிக்குமாங்க?” என்று மட்டும் கேட்டார்.

“நிக்கும்னு நெனைக்கிறேன்” என்றார் அப்பா. எப்போதும் நிற்கும் என்றுதான் சொல்வார். நினைக்கிறேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பாட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் நினைவில்லை. வாசித்தேன், தப்பில்லாமல் வாசித்தேன் என்று டீச்சர் பிறகு சொன்னார். நினைவில் இருப்பது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாதான். அவர் என் முகத்தையோ விரலையோ பார்க்கவில்லை. பாட்டு முழுக்க அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டு, நாற்காலி நுனியில், பாய்ந்து வந்து பிடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்தது. மற்ற ஐந்து பேரும் கைகூப்பினார்கள். என் வலது கை கம்பியை விட்டது. இடது கை கிட்டாரின் கழுத்தில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. அப்போதுதான் அப்பா குமிழிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். தலையாட்டவில்லை, சைகை காட்டவில்லை. ஆனால் நாற்காலியில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

நான் கையை விட்டேன். கிட்டார் ஒரு முறை ஆடி வயிற்றில் சாய்ந்து நின்றது. இரண்டு கையையும் கூப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். மற்றவர்கள் கையை எடுத்த பிறகும் எண்ணிக்கொண்டிருந்தேன். டீச்சர் ஓரத்திலிருந்து போதும் வா என்று அழைத்த பிறகுதான் இறங்கினேன். முதல் மூன்று பரிசில் எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஆறுதலாக ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். விழுந்தாலும் உடையாது என்று தோழி காதில் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா கிட்டாரைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். புதுச்சத்திரம் தாண்டும்வரை அதன் விரிசலை விரலால் தடவிக்கொண்டே வந்தார். அப்புறம், “அம்மாகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. நானே சொல்றேன்” என்றார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, நானும்தானே அவளை அப்படிச் சொன்னேன் என்று உள்ளே போய் ரசத்தைச் சூடு பண்ணினாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை தொழிற்சாலையில் டர்னர் மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மாமாவே வந்து, என் குமிழ் தப்பித்தது என்று சிரித்தார். மறுநாள் அப்பா என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனார். காற்று அடிக்க என்றுதான் நினைத்தேன். எதிர்வீட்டு அத்தையிடம் கேட்டில் நின்று சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திறக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு புவனகிரிக்கு பஸ் ஏறினார். பெரியப்பா, இதைச் சொல்லவா மழையில் இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டார்.

“நீ இவள தீவாளிக்கு கேலி பண்ணுன இல்ல. அது எம் பேச்சக் கேட்டுதான. அதான் வந்தேன்.”

அப்பா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வேலை பார்த்த இடத்திலும் வாழ்க்கைப்பட்ட இடத்திலும் கெட்டிக்காரர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். தன்மேல் தப்பு என்று தெரிந்ததும் வாயைத் திறந்து சொன்னவர்கள் குறைவு. சொன்னவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் மட்டும் சொன்னார்கள். அப்பா என்னிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் யாரிடமெல்லாம் என் பெயரைக் கெடுத்து வைத்திருந்தாரோ, அத்தனை பேர் வாசலுக்கும் போய் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டார்.